அந்திமந்தாரையில் வெள்ளைத் திட்டு இலை: எந்தக் கிளையில் விதை எடுப்பது?

கேள்வி: மாடித் தோட்டத்து அந்திமந்தாரையில் சில கிளைகளின் இலைகளில் மட்டும் வெள்ளைத் திட்டுகள் வந்தன. பார்க்க அழகாக இருந்ததால் அந்தச் செடியின் விதைகளைப் பொறுக்கிப் போட்டேன். பெரும்பாலும் சாதாரணப் பச்சைச் செடிதான் வந்தது. சில முளைகள் வெளேரென்று வந்து கொஞ்ச நாளில் செத்துப்போயின. பக்கத்துத் தொட்டியில் இருக்கும் பச்சைச் செடியின் மகரந்தம் கலந்துவிட்டதுதான் காரணமா? திட்டு இலைச் செடியே வேண்டுமென்றால் என்ன செய்யலாம்?

பதில்: பக்கத்துச் செடியின் மேல் பழி போடாதீர்கள். இந்தத் திட்டு விஷயத்தில் மகரந்தத்துக்குப் பங்கே இல்லை. விதையை எந்தக் கிளையில் எடுத்தீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. செடி ஒன்றுதானே, எந்தக் கிளையாக இருந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் உங்கள் செடியில் கிளைக்குக் கிளை கதை வேறு.

ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் காரன்ஸ் 1909இல் இதே அந்திமந்தாரையில்தான் இதைக் கண்டுபிடித்தார். பெற்றோரின் குணங்கள் பிள்ளைகளுக்கு எப்படிப் போகின்றன என்று சொல்லும் மெண்டலின் விதிகளை 1900இல் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த விதிகளுக்கு அடங்காத ஒன்றையும் அவரே கண்டுபிடித்தது வேடிக்கைதான். பச்சைக் கிளை, முழு வெள்ளைக் கிளை, திட்டுக் கிளை மூன்றிலும் பூத்த பூக்களுக்கு மூன்று வகை மகரந்தத்தையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். பச்சைக் கிளை விதை எல்லாம் பச்சைச் செடியாகவே வந்தது. வெள்ளைக் கிளை விதை எல்லாம் வெள்ளையாக முளைத்துச் செத்தது. திட்டுக் கிளை விதையில் மூன்று வகையும் வந்தன, அதுவும் மெண்டல் சொன்ன 3:1 போன்ற எந்தக் கணக்கிலும் சேராமல். மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் முடிவு மாறவில்லை.

ஏன் இப்படி? இலைக்குப் பச்சை நிறம் தருவது செல்லுக்குள் இருக்கும் பசுங்கணிகம் (சுருக்கமாகக் கணிகம்). மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள் செல்லின் உட்கருவில் இருக்கின்றன. பசுங்கணிகமோ அதற்கு வெளியே, தனக்கென்று ஒரு சிறிய டிஎன்ஏ வைத்துக்கொண்டு தானே பிரிந்து பெருகுகிறது. இந்த டிஎன்ஏவில் பழுது விழுந்தால் அந்தப் பசுங்கணிகம் பச்சையம் இல்லாமல் வெளுத்துவிடும். அதன் வாரிசுகளும் வெளுப்புதான்.

பூவில் சூல் செல் பெரியது, தன் கணிகங்களோடு அடுத்த தலைமுறைக்குப் போகிறது. பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் ஆண் செல் தன் உட்கருவைத் தருவதோடு சரி, கணிகத்தைக் கொண்டுவருவதில்லை. ஆகவே இலையின் இந்த வெளுப்பு தாய்வழிச் சொத்து. நம் உடம்பில் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் இப்படித்தான் அம்மாவிடமிருந்து மட்டும் வருகிறது.

திட்டுக் கிளையின் செல்களில் நல்ல கணிகமும் பழுதானதும் கலந்திருக்கும். செல் பிரியும்போது யாரும் எண்ணிப் பங்கு வைப்பதில்லை. பச்சைப்பயறும் உளுத்தம்பருப்பும் கலந்த கிண்ணத்தில் கண்ணை மூடிக்கொண்டு பிடி அள்ளுவதுபோல, ஒரு பிடியில் எல்லாமே பச்சையாகவும் வரலாம், எல்லாமே வெள்ளையாகவும் வரலாம். ஒரே கிளையின் விதைகள் மூன்று விதமாக முளைப்பதும், ஒரே இலையில் திட்டுத் திட்டாக வருவதும் இதனால்தான். வெள்ளைக் கிளை செடியில் இருக்கும்வரை பச்சைக் கிளைகள் சமைப்பதைச் சாப்பிட்டுப் பிழைக்கிறது. வெள்ளை முளைக்கு அந்த வசதி இல்லை. விதையில் இருந்த சேமிப்பு தீர்ந்ததும் கதை முடிந்தது. உரம் போட்டெல்லாம் அதைக் காப்பாற்ற முடியாது.

சரி, இனி செய்ய வேண்டியது. திட்டு இலைக் கிளைகளில் நூல் கட்டி வையுங்கள். அந்திமந்தாரையில் ஒரு பூவுக்கு ஒரே விதை, மிளகு மாதிரி கறுப்பாக, தொட்டாலே உதிரும். கீழே விழுந்ததைப் பொறுக்கினால் எந்தக் கிளையுடையது என்று தெரியாது. போன முறை உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்கும். அதனால் கறுத்ததுமே கிளையிலிருந்து பறித்துத் தனியாக வையுங்கள். கொஞ்சம் கூடுதலாகவே விதையுங்கள், எல்லாமே திட்டாக வராது. திட்டோடு வந்த கன்றுகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றில் முழுப் பச்சைக் கிளை கிளம்பினால் வெட்டிவிடுங்கள். விட்டால் அது வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும். விதையே வேண்டாம் என்றால் திட்டுக் கிளையின் இளந்தண்டை வெட்டி நட்டுப் பார்க்கலாம்.

பூவின் நிறத்தை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது குரோமோசோம் சமாசாரம், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தீர்மானிப்பது. இதே அந்திமந்தாரையில் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் இளஞ்சிவப்பு வருவதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே பக்கத்துச் செடியின் மகரந்தம் நிஜமாகவே தலையிடும்.

எல்லாச் செடிக்கும் இதே விதி என்றும் நினைக்க வேண்டாம். ஜெரேனியம் என்று நர்சரியில் விற்கும் பெலார்கோனியத்தில் மகரந்தம் வழியாகவும் கணிகம் வரும். எர்வின் பவுர் என்ற இன்னொரு ஜெர்மன் தாவரவியலாளர் அதைச் சொன்னதும் அதே 1909இல்தான். பைன் மரத்திலோ தலைகீழ், பசுங்கணிகம் தந்தை வழியில் போகிறது. சில செடிகளில் வெளுப்புக்குக் காரணமே உட்கரு மரபணுவாக இருக்கும். இலை ஓரத்தில் மஞ்சள் கோடு போட்ட ஸ்நேக் பிளான்ட் இன்னொரு ரகம்: இலைத்துண்டை நட்டால் கோடு போய்ப் பச்சைக் கன்றுதான் வரும், கிழங்கோடு பிரித்து நட்டால்தான் கோடு நிற்கும்.

விதை எடுப்பதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கணிகத் திட்டு என்றால் இலை சுருங்காது, வெள்ளையும் பச்சையும் சேரும் இடம் பளிச்சென்று பிரிந்து தெரியும். வெண்டையில் வருகிற தேமல் மாதிரி நரம்பு மஞ்சளாகி, இலை சுருண்டு, பக்கத்துச் செடிக்கும் பரவினால் அது வைரஸ். இலைக்கு அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். அப்படியானால் விதையை மறந்துவிட்டு, செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் நல்லது.