டையை ஒழித்த மொபூட்டு

கேள்வி: விடுதலை பெற்றதும் ஆப்பிரிக்கத் தலைவர்கள் கோட்டு, டையைத் தூக்கியெறிந்து சொந்தக் கலாசாரத்துக்குத் திரும்பினார்கள். நமக்கு ஏன் அந்தத் துணிச்சல் வரவில்லை? (ஒரு வாசகர், விழுப்புரம்)

பதில்: டையைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள், இனி என்னை நிறுத்துவது கஷ்டம். சித்திரை வெயிலில் யூகேஜி குழந்தையின் கழுத்தில் டையை மாட்டும் பள்ளிகளை நான் இந்தப் பக்கத்தில் பல வருஷமாகத் திட்டிவருகிறேன். 'டை கட்டத் தெரியாதவரின் பொறாமை' என்று ஒரு தாளாளர் கடிதம் போட்டார். உங்கள் பள்ளியிலும் யாரும் கட்டுவதில்லை ஐயா, எலாஸ்டிக்கில் தொங்குகிறது என்று பதில் எழுதினேன். அதன்பின் மனிதர் பேச்சு மூச்சில்லை.

சரி, ஆப்பிரிக்கா. நீங்கள் சொல்லும் துணிச்சலில் காங்கோவின் சர்வாதிகாரி மொபூட்டுவை மிஞ்ச ஆளில்லை. 1971-ல் நாட்டுக்கு ஸயர் என்று பெயர் வைத்தார். மறு வருஷம் ஜோசப் தெசிரே என்ற தன் பெயரை உதறினார், ஊராரையும் அப்படியே செய்யச் சொன்னார். ஐரோப்பியப் பெயரில் ஞானஸ்நானம் கொடுக்கும் பாதிரியாருக்குச் சிறை என்று மிரட்டல். எதிர்த்துப் பேசிய கர்தினால் மலுலா கொஞ்ச காலம் ரோமில் போய் இருக்க வேண்டியதாயிற்று. டைக்குத் தடை. அதற்குப் பதில் 'அபாகோஸ்ட்' என்றொரு சட்டை. 'கோட்டு ஒழிக' என்று அர்த்தமாம். ஒழிக என்று கத்தியதும் பிரெஞ்சில்தான்! ஸயர் என்பதே, ஆற்றுக்கு உள்ளூரில் சொன்ன பேரைப் போர்ச்சுகீசியர் வாயில் போட்டு மென்று துப்பியது. பெண்கள் பேன்ட் போடக்கூடாது, மரபான அச்சுத்துணிதான் உடுத்த வேண்டும். அந்த மெழுகு அச்சு, ஜாவாவின் பாத்திக்கைப் பார்த்து ஹாலந்து ஆலைகள் அடித்துத் தள்ளியதன் வாரிசு. மொபூட்டு மட்டும் கழுத்தில் பட்டுத்துண்டு சுற்றிக்கொண்டார். அது டையில் சேராதோ என்னவோ!

விளைவு? தலைநகர் கின்ஷாசாவின் இளைஞர்களுக்குக் கோட்டு போடுவதே கலகமாகிப் போனது. பாடகர் பாப்பா வெம்பா பின்னால் ஒரு பட்டாளம் ஐரோப்பிய சூட்டும் பளபள ஷூவுமாகத் தெருவில் நடை போட்டது. முன்பு நாட்டை ஆண்ட பெல்ஜியக்காரன் போட்ட அதே கோட்டுதான், இப்போது சர்வாதிகாரியைச் சீண்ட. மேலிடத்து உத்தரவில் வரும் கலாசாரத்தை நான் யூனிஃபார்ம் என்பேன். 1990-ல் டைக்கு மறுபடி அனுமதி கிடைத்தது.

இன்னொரு ரகமும் உண்டு. நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் கலபாரி என்று ஒரு மக்கள். நம் மெட்ராஸ் கட்டம்போட்ட துணி பல தலைமுறையாக அவர்கள் வீட்டு விசேஷங்களில் புழங்குகிறது. அதை அப்படியே உடுத்தினால் போதாதாம். பெண்கள் உட்கார்ந்து, பிளேடால் ஒவ்வொரு நூலாக அறுத்து உருவி, புதுக் கோலம் கொண்டுவருகிறார்கள். பெயர் 'பெலெட்டே பிட்டே'. பார்த்தால் சல்லடை மாதிரி இருக்கும். எந்த அரசும் ஆணை போடவில்லை. இன்றைக்கும் அது கலபாரிக்காரர்களின் அடையாளம். நூல் உருவிய பிறகுதான் துணிக்கு மவுசு. நெய்து அனுப்பிய நம்மூர்த் தறிக்காரர் பார்த்தால் நெஞ்சில் அடித்துக்கொள்வார்.