கடலே இல்லாத சேலத்துக்காரர்கள் 'சைரன்' பார்க்கலாமா?

"'சைரன்' தொடரில் கடல்கன்னிகள் ஆட்களைக் கொல்கிறார்களாமே, 13 வயது மகளோடு பார்க்கலாமா? கடலே இல்லாத சேலத்தில் இருக்கும் நமக்கு அதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்கு மட்டும் என்றால் பேசாமல் கடந்து போயிருப்பேன். இரண்டாம் பாதி விடவில்லை.

பார்க்கலாம், ஆனால் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். அமெரிக்காவிலேயே அதற்கு டிவி-14 முத்திரைதான், அதாவது 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொருந்தாமல் போகலாம் என்ற எச்சரிக்கை. ரத்தம் உண்டு. தண்ணீருக்குள் போனதும் கடல்கன்னிகளுக்குப் பல்லும் நகமும் நீளும். முதல் எபிசோடிலேயே காரில் ஏற்றிக்கொண்டு தப்பாக நடக்கப் பார்ப்பவனை ரின் என்ற கடல்கன்னி கொன்றுவிடுகிறாள். அந்த இடத்தில் என் மகள் பயப்படவில்லை. "அவனுக்கு வேணும்" என்றாள்.

நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் காபி எஸ்டேட்டில் வேலை. ஜூலை மாதத்தில் மழையும் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் ஐந்து மணிக்கே கதவைச் சாத்திவிடுவோம். அப்படி ஒரு மழைக்காலத்தில் நானும் மகளும் அத்தையும் போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்ததுதான் இந்தத் தொடர். அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது, நான் சொல்லச் சொல்லக் கேட்பார்.

பிரிஸ்டல் கோவ் என்று ஒரு கற்பனை ஊர், அமெரிக்காவின் வாஷிங்டன் கரையோரம். கடல்கன்னி கதையை வைத்தே சுற்றுலா, கடை, திருவிழா எல்லாம். ஒரு மீன்பிடிப் படகின் வலையில் நிஜமாகவே ஒருத்தி மாட்ட, ராணுவம் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அவளைத் தேடிக் கரையேறும் தங்கைதான் ரின். எலின் பவல் என்ற பெல்ஜிய நடிகை. பேச்சே வராத ஒருத்தி மனிதர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகுவதைக் கழுத்துத் திருப்பலிலேயே காட்டிவிடுகிறார். போகப் போகத்தான் தெரிகிறது, அந்த ஊரை உண்டாக்கிய பௌனால் என்பவர் அந்தக் காலத்திலேயே கடல்கன்னிகளைக் கூட்டமாகக் கொன்றவர் என்று. இப்போதும் அவர்கள் கரைப்பக்கம் வருவதற்குக் காரணம் பசி. மீனை எல்லாம் மனிதர்கள் அள்ளிவிட்டார்கள். இரண்டாம் சீசனில் எண்ணெய் தேடும் கம்பெனி கடலுக்குள் வெடிக்கும் சத்தம் தாங்காமல் கூட்டமாகவே கரையேறுகிறார்கள்.

நான் இதைச் சொன்னதும் அத்தை கேட்டார்: "அவங்களைக் கொன்னுட்டு அவங்க பேர்லயே திருவிழாவா கண்ணு?"

அத்தை பிறந்தது பண்ணவாடி பக்கம். மேட்டூர் அணை கட்டியபோது (1934இல் முடிந்தது) அவர் அப்பா வழி ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. நீர்மட்டம் நன்றாக இறங்கினால் பண்ணவாடி பரிசல்துறையில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவக் கோயில் கோபுரமும் வெளியே தெரியும். ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து படம் எடுப்பார்கள். அத்தை எடுக்க மாட்டார். அவருடைய பாட்டி அந்த நந்தியைப் பார்த்து அழுததைப் பார்த்தவர் அவர். ஆகவே கடல் இல்லாத ஊர் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தண்ணீருக்கடியில் போன ஊர் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது.

அப்புறம் ஏரிக்கரைக் கன்னிமார். ஏழு கல் நட்டு, மஞ்சள் பூசி, வளையல் வைத்துக் கும்பிடுகிறோம். உச்சிப் பொழுதில் தனியாக அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். தண்ணீரில் ஒரு பெண் சக்தி இருக்கிறது, மரியாதை தப்பினால் சும்மா விடாது என்பது நமக்குப் புதுசா? சாமியையும் டிவி தொடரையும் ஒன்றாக்குகிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நான் இன்றும் ஆடியில் பொங்கல் வைப்பவள். பயமும் பக்தியும் ஒரே இடத்தில் இருக்க முடியும் என்பது நமக்குத் தெரியும், அதனால் ரின்னை நம்மால் சட்டென்று புரிந்துகொள்ள முடிகிறது என்கிறேன், அவ்வளவுதான்.

பிரிஸ்டல் கோவ் சுற்றுலா என்றதும் எங்கள் ஏற்காடு ஞாபகம் வருகிறது, இதையும் சொல்லிவிடுகிறேன். சனி ஞாயிறில் மலைப்பாதையில் உள்ளூர்க்காரர்கள் படும் பாடு யாருக்கும் தெரிவதில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவிலேயே காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அத்தையைக் கண் பரிசோதனைக்குச் சேலம் கூட்டிப்போன அன்று பாதி வழியில் பஸ் நின்றே போய்விட்டது. கீழே போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கிளம்பிவிட்டார். ஏரிக்கரையில் பாட்டில் உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு இங்கே ஜனங்கள் வாழ்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. வராதீர்கள் என்று சொல்லவில்லை. வந்தால் வண்டியை ஓரமாக, இடம் பார்த்து நிறுத்துங்கள்.

சரி, தொடருக்கு வருகிறேன். 2018இல் தொடங்கி 2020இல் மூன்று சீசனோடு நிறுத்திவிட்டார்கள். மொத்தம் 36 எபிசோடு. முதல் சீசனின் பத்தை மட்டும் முதலில் மகளோடு பாருங்கள். இரண்டாவதில் ரின், அவளுக்கு உதவும் கடல் ஆராய்ச்சியாளர்களான பென், மேடி என்ற காதல் ஜோடி, இந்த மூவருக்குள்ளும் நேசம் வளர்கிறது, மூவருமே ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். பிள்ளை கெட்டுவிடும் என்று சிலர் பாய்ந்து வருவார்கள். என் மகள் கேட்டபோது சுற்றி வளைக்காமல் அப்படித்தான் என்று சொன்னேன், அவள் தலையாட்டிவிட்டு அடுத்த எபிசோடைப் போடச் சொன்னாள். உங்கள் மகளிடம் எவ்வளவு சொல்வது என்பதை நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.