கலீல் ஜிப்ரானின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் ‘தீர்க்கதரிசி’ வேறு மாதிரி தெரியுமா?

கேள்வி: கலீல் ஜிப்ரான் எழுதியதில் ‘தீர்க்கதரிசி’ மட்டும் படித்திருக்கிறேன். அவரை ஒரு ஞானி என்று சொல்கிறார்கள். அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அந்தப் புத்தகம் வேறு மாதிரி தெரியுமா? அடுத்து எதைப் படிக்கலாம்?

ரொம்பவே வேறு மாதிரி தெரியும். தமிழில் ஜிப்ரான் நம்மிடம் பெரும்பாலும் மேற்கோள்களாகத்தான் வந்து சேர்கிறார். குழந்தைகளைப் பற்றி ஒரு வரி, காதலைப் பற்றி ஒரு வரி, பின்னால் ஒரு சூரிய அஸ்தமனப் படம். அப்படி வெட்டி எடுத்த வரிகளைப் படிக்கும்போது, வாழ்க்கையின் அடிதடி எதுவும் படாத ஒரு பெரியவர் பேசுவதாகத் தோன்றும். எழுதியவரோ பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த ஒரு ஏழைக் குடும்பத்துப் பையன். அந்த வரிகளுக்குள் ஒரு புலம்பெயர்ந்த வீட்டின் கணக்கு வழக்கு முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம். அதனால் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஜிப்ரான் 1883 ஜனவரி 6 அன்று லெபனான் மலையில் உள்ள பிஷர்ரி என்ற ஊரில் பிறந்தார். அப்போது அது உதுமானியப் பேரரசின் கீழ் இருந்தது. குடும்பம் மாரோனைட் கிறிஸ்தவக் குடும்பம், அதாவது லெபனானில் வேரூன்றிய ஒரு கிழக்கத்திய கத்தோலிக்கப் பிரிவு. அம்மா கமீலா ஒரு பாதிரியாரின் மகள். அப்பா பண முறைகேட்டு வழக்கில் சிறைக்குப் போனார். குடும்பச் சொத்தும் பறிமுதலானது. 1895-ல் கமீலா ஒரு முடிவெடுத்தார். கணவரை ஊரிலேயே விட்டுவிட்டு, முதல் திருமணத்தில் பிறந்த மகன் பூத்ரோஸ், பன்னிரண்டு வயது ஜிப்ரான், சிறுமிகள் மரியானா, சுல்தானா ஆகிய நால்வரையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அந்தக் காலத்தில், அந்த மலையிலிருந்து, ஒரு பெண் தனியாக எடுத்த முடிவு அது. ஜிப்ரான் எழுதிய எதையும்விட அது துணிச்சலானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பாஸ்டனின் சவுத் எண்ட் பகுதியில், சிரியாவிலிருந்து குடியேறியவர்களும் ஐரிஷ்காரர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த தெருக்களில் குடியேறினார்கள். கமீலா லேஸ் துணிகளையும் லினன் துணிகளையும் சுமந்துகொண்டு வீடு வீடாக விற்றார். பூத்ரோஸ் ஒரு சின்னக் கடை போட்டார். பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை, ஜிப்ரான் மட்டும் போனார். குடும்பம் முழுவதும் உழைத்து ஒரே ஒரு பையனைப் படிக்கவைத்தது என்பதை நம் ஊர் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பையன் நன்றாக வரைந்தான். அங்கிருந்த ஒரு சமூக நல இல்லத்தின் வழியாக பிரெட் ஹாலண்ட் டே என்ற புகைப்படக் கலைஞரிடம் போய்ச் சேர்ந்தான். பதிப்பாளராகவும் இருந்த டே அவனுக்குப் புத்தகங்கள் கொடுத்தார், ஓவியங்களைக் காட்டினார், படமும் எடுத்தார். மகன் கைவிட்டுப் போய்விடுவானோ என்று வீட்டுக்குப் பயம் வந்திருக்க வேண்டும்; 1898-ல் அரபு மொழி படிக்க பெய்ரூட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். இந்த அனுப்புதல்தான் அவரை அரபு எழுத்தாளர் ஆக்கியது.

அப்புறம் வந்தது அந்தக் கொடுமையான காலம். 1902 ஏப்ரலில் தங்கை சுல்தானா காசநோயில் இறந்தாள், பதினான்கு வயதில். ஜிப்ரான் பாஸ்டன் வந்து சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. 1903 மார்ச்சில் பூத்ரோஸ், அவருக்கும் காசநோய். அதே ஜூனில் அம்மா, புற்றுநோயில். பதினைந்தே மாதத்தில் மூன்று சாவு. மிச்சம் ஜிப்ரானும் மரியானாவும்தான். மரியானா ஒரு தையல் கடையில் வேலை செய்து அண்ணனைக் காப்பாற்றினார். ஜிப்ரானின் ஆரம்பகால எழுத்துகள் அந்தத் தையல் கூலியில்தான் எழுதப்பட்டன.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ‘தீர்க்கதரிசி’யில் வேலையைப் பற்றிய அத்தியாயத்தைத் திரும்பப் படியுங்கள். அன்போடு வேலை செய்வது என்றால் என்ன என்ற கேள்வி அங்கே வருகிறது. உங்கள் அன்புக்குரியவர் உடுத்தப்போகிறார் என்பதுபோல, உங்கள் இதயத்திலிருந்து இழுத்த நூலால் துணி நெய்வது என்பது பதில். எனக்கு அந்த வரியில் மரியானாவின் ஊசி தெரிகிறது. குழந்தைகளைப் பற்றிய அத்தியாயமும் இப்படித்தான். பெற்றோர் வில், பிள்ளைகள் அம்பு. பிள்ளைகளின் ஆன்மா குடியிருப்பது நாளைய வீட்டில், அங்கே நீங்கள் கனவில்கூடப் போக முடியாது. இதைச் சொல்பவருக்குப் பிள்ளைகள் கிடையாது. கமீலா எய்த அம்பாகத்தான் அவர் அதைப் பேசுகிறார். தாய் துணி மூட்டை சுமந்த ஊரில் மகன் வேறு மொழியில் கவிதை எழுதுகிறான் என்றால், அந்த நாளைய வீடு அவருக்கு வெறும் உவமையாக இருந்திருக்காது.

1904-ல் தன் ஓவியக் கண்காட்சியில் மேரி ஹாஸ்கெலைச் சந்தித்தார். பாஸ்டனில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமை ஆசிரியை, ஜிப்ரானைவிடப் பத்து வயது மூத்தவர். 1908 முதல் இரண்டு ஆண்டுகள் அவர் பாரிசில் ஓவியம் படித்தது ஹாஸ்கெல் மாதாமாதம் அனுப்பிய 75 டாலரில். ஜிப்ரான் திருமணம் செய்துகொள்ளக் கேட்டார், ஹாஸ்கெல் வயது வித்தியாசத்தைச் சொல்லி மறுத்துவிட்டார். ஆனால் விலகவில்லை. ஜிப்ரானின் ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகளை வரி வரியாகப் படித்து இலக்கணத்தையும் சொற்களையும் திருத்திக் கொடுத்தார். 1926-ல் வேறொருவரை மணந்த பிறகும் அந்த வேலையைத் தொடர்ந்தார். ஜிப்ரான் இறந்த பிறகு, இருவரின் கடிதங்களையும் எரித்துவிட வேண்டும் என்ற யோசனை வந்தபோது ஹாஸ்கெல் அவற்றைக் காப்பாற்றி வட கரோலினா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்று நமக்கு உண்மையான ஜிப்ரான் கிடைப்பது பெரும்பாலும் அவற்றிலிருந்துதான். அந்தக் கடிதங்களும் ஹாஸ்கெலின் நாட்குறிப்புகளும் இல்லாமல் போயிருந்தால், தன் குடும்பத்தின் செல்வாக்கைப் பற்றி ஜிப்ரான் அமெரிக்கர்களிடம் சொல்லிக்கொண்ட மிகைக் கதைகளே வரலாறாக நின்றிருக்கும். அந்தக் கதைகளுக்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடியேறியவர்களை ஏளனமாகப் பார்த்த ஊரில், தலை நிமிர்ந்து நிற்க அவருக்கு அது தேவைப்பட்டது.

ஜிப்ரானை மேற்கோள்களில் மட்டும் அறிந்தவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஒரு பகுதி உண்டு. முதல் உலகப் போரின்போது, 1915-லிருந்து 1918 வரை, லெபனான் மலையில் பஞ்சம். கடலை நேச நாடுகளின் கப்பல்கள் அடைத்தன, தானியத்தை உதுமானியப் படை எடுத்துக்கொண்டது, 1915-ல் வெட்டுக்கிளிகளும் வந்து மிச்சத்தைத் தின்றன. மக்கள்தொகையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு செத்துப்போனதாகக் கணிக்கிறார்கள். ஜிப்ரான் அப்போது நியூயார்க்கில் இருந்தார். அங்கே தொடங்கிய நிவாரணக் குழுவின் செயலாளராகப் பணம் திரட்டினார். அப்போது அரபியில் எழுதிய கவிதை ஒன்றில், என் மக்கள் அங்கே பசியில் சாகிறார்கள், நான் இங்கே பாதுகாப்பாக இருக்கிறேன் என்று கதறுகிறார். நான் என் நாட்டு மண்ணில் விளைந்த ஒரு தானியக் கதிராக இருந்திருந்தால், பசித்த குழந்தை ஒன்று என்னைப் பறித்துத் தின்று சாவை விரட்டியிருக்குமே என்கிறார். தூரத்தில் பத்திரமாக இருப்பவனின் குற்ற உணர்வை இதற்கு மேல் எப்படிச் சொல்வது? சொந்த ஊர் எரியும்போது வெளிநாட்டில் உட்கார்ந்து செய்தி பார்த்த ஈழத் தமிழர்களுக்கு இந்தக் கவிதை நேராகப் போய்ச் சேரும்.

அரபு இலக்கியத்தில் அவர் இடம் இன்னும் பெரியது. 1920-ல் நியூயார்க்கில் மிகாயில் நுஐமி, இலியா அபூ மாதி போன்றவர்களோடு சேர்ந்து எழுத்தாளர் சங்கம் ஒன்றை உருவாக்கினார். அதன் தலைவரும் அவரே. பழைய யாப்பிலிருந்தும் அலங்காரத்திலிருந்தும் அரபு எழுத்தை வெளியே கொண்டுவந்ததில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்க விமர்சகர்கள் அவரைப் பெரிதாக மதித்ததில்லை.

‘தீர்க்கதரிசி’ 1923-ல் வந்தது. அல்முஸ்தபா என்ற மனிதன் ஓர் அந்நிய நகரில் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கிறான். பிறந்த தீவுக்குக் கூட்டிப்போகக் கப்பல் வருகிறது. கிளம்பும் முன் ஊர் மக்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறான். ஜிப்ரான் நியூயார்க்கில் குடியேறியது 1911-ல். 1923 வரை கணக்குப் போட்டுப் பாருங்கள், பன்னிரண்டு ஆண்டுகள். அதனால்தான் அந்தப் புத்தகத்தை உபதேச நூல் என்று சொல்ல எனக்கு ஒப்பவில்லை. கப்பலுக்காகக் காத்திருப்பவன் ஊரை விட்டுப் போகும் நேரத்தில் பேசும் பேச்சு அது. அந்த அவசரத்தோடும் துக்கத்தோடும் படித்தால்தான் அதன் ஆன்மிகம் பிடிபடும். பைபிளின் நடை, சூஃபி மரபு, ஆங்கிலக் கவிஞர் பிளேக், ஜெர்மன் தத்துவவாதி நீட்சே என்று அவர் எடுத்துக்கொண்டவை பல. கடவுளை எந்த ஒரு கோயிலிலும் அடைக்காத அந்தப் பார்வைக்கு, எந்த ஒரு ஊரிலும் முழுதாகக் குடியேற முடியாத வாழ்க்கையும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

அல்முஸ்தபாவுக்கு வந்த கப்பல் ஜிப்ரானுக்கு உயிரோடு இருக்கையில் வரவில்லை. 1931 ஏப்ரல் 10 அன்று, நாற்பத்தெட்டு வயதில், நியூயார்க்கில் இறந்தார். கல்லீரல் இறுகிப்போயிருந்தது, கடைசி ஆண்டுகளில் குடி அதிகம். ஞானி என்று கும்பிடுகிறவர்கள் இதை மறைக்கப் பார்ப்பார்கள், மறைக்கத் தேவையில்லை. உடலை அதே ஆண்டில் கப்பலில் லெபனானுக்குக் கொண்டுபோனார்கள். பிஷர்ரியில் அவர் விரும்பிய மார் சர்கிஸ் மடத்தை மரியானா வாங்கினார், அங்கேதான் அடக்கம். இப்போது அது அருங்காட்சியகம். புத்தகங்களின் உரிமைத் தொகை சொந்த ஊருக்கே போக வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார்.

சரி, அடுத்து என்ன படிக்கலாம்? முதலில் ‘முறிந்த சிறகுகள்’, 1912-ல் அரபியில் வந்த சின்ன நாவல். பெய்ரூட்டில் ஒரு பிஷப்பின் சொத்தாசைக்காகக் கட்டாயக் கல்யாணத்தில் தள்ளப்படும் சல்மா என்ற பெண்ணின் கதை. மத அதிகாரத்தின் மேல் அவருக்கு இருந்த கோபம் அதில் நேராக வரும். பிறகு 1918-ல் வந்த ‘பித்தன்’, அவருடைய முதல் ஆங்கிலப் புத்தகம். முகமூடிகளைத் திருடர்களிடம் பறிகொடுத்தவன், வெற்று முகத்தில் முதல்முறையாக வெயில் படும்போது அடையும் பரவசத்தோடு அது தொடங்குகிறது. ‘தீர்க்கதரிசி’யைவிடக் கூர்மையானது என்பது என் கருத்து. இவை இரண்டையும் முடித்துவிட்டு ‘தீர்க்கதரிசி’யை மறுபடி எடுங்கள். இந்த முறை கப்பல் வரும் முதல் அத்தியாயத்தையும் விடைபெறும் கடைசி அத்தியாயத்தையும் தாண்டிப் போகாமல், ஒரே மூச்சில் முழுதாகப் படியுங்கள்.