மழையில் தினமும் ஸ்போர்ட்ஸ் கார்: கேள்வி பதில்

மழை வந்துவிட்டால் ஸ்போர்ட்ஸ் காரைப் போர்த்தி வைத்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நான் அந்தக் கட்சி இல்லை. ஓடுகிற வண்டிதான் நல்லா இருக்கும். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, ரியர் வீல் டிரைவ் (இன்ஜின் பின்சக்கரங்களை மட்டும் சுழற்றும் வண்டி), 400 குதிரைத்திறன். மழையில் தினமும் வேலைக்கு எடுத்துப் போகலாமா? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: தாராளமாகப் போகலாம் தம்பி. அந்த 400-இல் எவ்வளவு ரோட்டுக்கு வர வேண்டும் என்பதை உங்கள் வலது கால்தான் முடிவு செய்கிறது. ஈர ரோட்டில் வழக்கத்தைவிட ஒரு கியர் மேலே வைத்து ஓட்டுங்கள், சக்கரத்துக்குப் போகும் இழுவை குறையும். டர்போ வண்டி என்றால் வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைத் தொடும்போது கவனம்: பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் சக்தி, கொஞ்சம் தாமதித்து, பிறகு மொத்தமாக வரும். ஸ்டீயரிங் நேரானபின் அழுத்துங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு நீங்கள் முதலில் காட்ட வேண்டியது டயரை.

கேள்வி: டயர் அகலம் என்றால் பிடிப்பு அதிகம்தானே சார்? என் வண்டிக்குப் பின்னால் 305 மிமீ அகலம். பிறகு ஏன் மழையில் வழுக்குகிறது?

பதில்: காய்ந்த ரோட்டில் நீங்கள் சொல்வது சரி. தண்ணீர் தேங்கிய ரோட்டில் கதையே வேறு. டயர் தன் முன்னால் இருக்கும் தண்ணீரை, தன் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்கள் வழியாக வெளியே தள்ள வேண்டும். அகலம் கூடக்கூடத் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும். தள்ள முடியாத வேகத்தில் டயர் தண்ணீர்மேல் ஏறி மிதக்கும். அதுதான் அக்வாபிளேனிங்.

விமானச் சக்கரங்களுக்காக நாசா 1960-களில் வகுத்த கணக்கு ஒன்று உண்டு. மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்கிறது அது. அதன்படி 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அழுத்தத்துக்கு மணிக்குச் சுமார் 94 கிமீ, 24 பிஎஸ்ஐ-க்குச் சுமார் 82. கார் டயருக்கு இதை அப்படியே எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளாதீர்கள். அகலமான, தேய்ந்த டயர் இதற்கு முன்பே மிதக்கலாம். காற்று குறைந்தால் மழையில் பிடிப்பு கூடும் என்று நம்புகிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்தை, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து வையுங்கள்.

அடுத்தது பள்ளத்தின் ஆழம். பல நாடுகளில் சட்டம் 1.6 மிமீ வரை விடுகிறது. மழைக்கு அது போதவே போதாது. 3 மிமீ வந்ததும் நான் மாற்றச் சொல்வேன். அளக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்தபடி கேம்பர் வைத்திருப்பார்கள். அதனால் உள்விளிம்புதான் முதலில் தேயும். வெளியே நின்று பார்த்தால் புது டயர் மாதிரி இருக்கும். முன்சக்கரத்துக்கு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துவிட்டு, உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பின்சக்கரத்துக்கு டார்ச் அடித்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். அங்கே மொட்டையாக இருந்தால் உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான்.

கேள்வி: வண்டியோடு செமி ஸ்லிக் டயர் (பந்தய டயர் மாதிரி பள்ளங்கள் குறைவாக உள்ளது) வந்தது. ரோட்டில் ஓட்ட அனுமதி உள்ளதுதான். அதிலேயே சமாளிக்கலாமா?

பதில்: வேண்டாம். தூறலில் சமாளிக்கலாம், தேங்கிய நீரில் முடியாது. தினமும் ஓட்டுவதென்றால் ஈரத்துக்கும் ஏற்ற நல்ல சம்மர் டயர் (கடுங்குளிர் இல்லாத நாட்களுக்கான டயர்) ஒரு செட் போடுங்கள். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போகும் ஊர் என்றால் சம்மர் டயரின் ரப்பரும் இறுகிவிடும். அப்போது வின்டர் டயர்தான்.

கேள்வி: வண்டி மிதக்கிறது என்று எப்படித் தெரியும்? அப்போது என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். பின்சக்கரம் மிதந்தால் வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறும். ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுங்கள், ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை மிதிக்காதீர்கள். டயர் மறுபடி தரையைத் தொடும் நொடியில் சக்கரம் திரும்பியிருந்தால் வண்டி அந்தப் பக்கம் வெட்டி இழுக்கும். மழையில் குரூஸ் கண்ட்ரோல் போடாதீர்கள்.

கேள்வி: என்னுடையது ஆல் வீல் டிரைவ், நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும். எனக்கு இந்தக் கவலை இல்லைதானே?

பதில்: கிளம்பும்போது இல்லை. பிரேக் பிடித்து நிறுத்தும்போது உங்களுக்கும் அதே நான்கு டயர்தான். ஆல் வீல் டிரைவ் தரும் தைரியத்தில் வேகம் ஏறிவிடுகிறது, அதுதான் எனக்குக் கவலை.

கேள்வி: டிராக்‌ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு) அடிக்கடி குறுக்கே வருகிறது. அணைத்துவிடலாமா?

பதில்: பொது ரோட்டில், மழையில், ஒருபோதும் வேண்டாம். அது அடிக்கடி வேலை செய்கிறதென்றால் நீங்கள் அதிகம் மிதிக்கிறீர்கள், இல்லையென்றால் டயர் போய்விட்டது. வண்டியில் ஈர ரோட்டுக்கான வெட் மோட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். 2018 இறுதியில் அறிமுகமான 992 தலைமுறை போர்ஷே 911-இல் முன்சக்கர வளைவுக்குள் ஒலி சென்சார் இருக்கிறது. தண்ணீர் தெறிக்கும் சத்தத்தை வைத்தே ரோடு ஈரம் என்று கண்டுபிடித்து ஓட்டுநருக்குச் சொல்லும். அருமையான வேலை அது.

கேள்வி: கார்பன் செராமிக் பிரேக். மழையில் முதல் மிதிக்குப் பிடிக்கவில்லை. பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதில்லை. டிஸ்க்கில் படிந்த தண்ணீர் விலகும்வரை அப்படித்தான். நெடுநேரம் பிரேக் பிடிக்காமல் போனால், பின்னால் யாரும் நெருங்கி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு அவ்வப்போது லேசாகத் தொட்டு உலர்த்துங்கள். பல மிதிக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இரும்பு டிஸ்க்கில் மறுநாள் காலை தெரியும் செம்மஞ்சள் துருவுக்குப் பயப்பட வேண்டாம், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும்.

கேள்வி: முன்னால் தண்ணீர் தேங்கி நிற்கிறது. எவ்வளவு ஆழம் வரை போகலாம்?

பதில்: ஆழம் தெரியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்ஜின் காற்று இழுக்கும் வாய் தாழ்வாக இருக்கும். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். இழுத்துக்கொண்டு போய் முதலில் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் மேற்கொண்டு மெக்கானிக்கின் வேலை.

கேள்வி: கன்வர்ட்டிபிள் வைத்திருக்கிறேன் சார். கூரை ஒழுகவில்லை, ஆனால் சீட்டுக்குப் பின்னால் கார்பெட் ஈரம்.

பதில்: வடிகால் துளை அடைத்திருக்கும். துணிக்கூரை மடியும் இடத்தின் இரு ஓரங்களிலும் பாருங்கள், இலைக்குப்பையும் மண்ணும் சேர்ந்து சேறாகியிருக்கும். வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மெதுவாக விட்டு எடுங்கள். கம்பியால் குத்தினால் உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் கிழியும். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, வண்டிக்கு அடியில் வடிகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். கார்பெட்டைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சையும் காயவிடுங்கள். சில வண்டிகளில் அதன் கீழேதான் எலக்ட்ரானிக் பெட்டிகள் இருக்கின்றன.