ஒடியல் இல்லாத கூழ்

வணக்கம்.

இந்தக் கோடையில் முதன்முதலாக, பனங்கிழங்கு மாவில் மீனும் நண்டும் போட்டுச் செய்யும் எங்கள் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ் காய்ச்சிப் பார்த்தேன். தமிழ்க் கடையில் வாங்கிய மா. முதல்முறை வாயில் வைக்க முடியாத கசப்பு, போதாததற்குக் கட்டி கட்டியாக வேறு. அடுத்தமுறை வேறு பைக்கற் வாங்கினேன். கசப்பில்லை, ஆனால் கூழ் தடிக்கவே இல்லை, நாக்கில் மணல்போல நின்றது. மூன்றாம்முறை அரிசிமா போட்டேன். பிள்ளைகள் விரும்பிக் குடித்தார்கள். வந்திருந்த ஊர்க்காரர் ஒருவர் மட்டும் "இது மீன் சூப், கூழ் இல்லை" என்றார்.

என் கணவரின் குடும்பம் செங்கல்பட்டுப் பக்கம். மாமிக்குக் கூழ் என்றால் கேழ்வரகு, ஆடியில் அம்மன் கோயிலில் ஊற்றுவது. அதில் நண்டு போடுவீர்களா என்று திகைக்கிறார். அவர் மரக்கறி மட்டுமே சாப்பிடுபவர்.

எங்கே பிழை விட்டேன்? அரிசிமாவில் காய்ச்சினால் அது எங்கள் கூழ் இல்லையா? ஒரு மாவில் அப்படி என்னதான் இருக்கிறது?

ர., ஸ்காபரோ

அன்புள்ள ர.,

நீங்கள் வாங்கிய இரண்டு பைக்கற்றிலும் இருந்தது ஒரே மா அல்ல. பனங்கிழங்கைப் பச்சையாகவே நெடுக்காகக் கிழித்து, விறகுபோல ஆகும்வரை வெயிலில் காயவிட்டால் அது ஒடியல். அவித்துவிட்டுக் காயவிட்டால் புழுக்கொடியல். முதலாவது ஒடியல் மா, அது கசக்கத்தான் செய்யும். இரண்டாவது புழுக்கொடியல் மாவாகத்தான் இருக்கவேண்டும். அவிக்கும்போதே அதன் மாப்பொருள் வெந்துவிடுகிறது. மறுபடி கொதிக்கவைத்தாலும் பசையாக விரியாமல் துகளாகவே நிற்கும். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுத் தின்ன அருமையான மா, கூழுக்கு உதவாது. பைக்கற்றில் 'பனங்கிழங்கு மா' என்று மட்டும் இருந்தால் ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் ஒடியல். விழுங்கவேண்டாம், பச்சை ஒடியல் மா அப்படியே உண்பதற்கானது அல்ல. ஊறவைப்பதும் நன்றாகக் கொதிக்கவைப்பதும் ருசிக்காக மட்டும் வந்த வழக்கங்கள் அல்ல.

கசப்பை எடுக்க, எட்டுப் பேருக்கு 250 கிராம் மா போதும். முதலில் அரித்துத் தும்பை நீக்குங்கள். அகலமான பாத்திரத்தில் 2 லீற்றர் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். மா அடியில் படியும். மேல்நீரை மெல்லச் சரித்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். இப்படி இரண்டு அல்லது மூன்று தரம். கசப்பு சீக்கிரம் போகட்டும் என்று சுடுதண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. உங்கள் முதல் கூழில் வந்த கட்டிகள் அப்படித்தான் வருகின்றன, இல்லாவிட்டால் காய்ந்த மாவைக் கொதிக்கும் பானைக்குள் கொட்டியிருப்பீர்கள். சூடு பட்டதும் ஒவ்வொரு திரளையின் வெளிப்புறமும் வெந்து மூடிக்கொள்கிறது. உள்ளே மாவும் கசப்பும் அகப்பட்டுவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு துழாவினாலும் கரையாது. கசப்பை முழுவதும் கழுவிவிடவும் வேண்டாம். மெல்லிய கசப்பு ஒன்று அடியில் நிற்கவேண்டும், புளியும் உறைப்பும் அதன்மேல்தான் எடுபடும்.

இனிப் பானை. மூன்றரை லீற்றர் தண்ணீரில் ஒரு பிடி புழுங்கலரிசி, மேல்தோல் நீக்கிய பலாக்கொட்டை இருபது, துண்டுகளாக்கிய மரவள்ளிக்கிழங்கு 250 கிராம் போட்டு மூடாமல் கொதிக்கவிடுங்கள். மரவள்ளியின் உள்தோலையும் முழுதாக உரிக்கவேண்டும், நடுநாரை எடுக்கவேண்டும். மரவள்ளி போட்ட கூழில் இஞ்சி சேர்க்காதது ஊர் வழக்கம். இவை அரைவாசி வெந்ததும் இரண்டு அங்குல நீளத்துக்கு முறித்த பயிற்றங்காய் ஒரு பிடி. அதன்பின் உடைத்த நண்டு நாலைந்து, ஒரு மீன்தலை, கால் மணி நேரம் கழித்து மீன்துண்டு அரைக்கிலோ, இறால் கால்கிலோ. மீனை முதலிலேயே போட்டால் மாவைத் துழாவும்போது சதை கரைந்து முள் மட்டும் கூழில் மிதக்கும். பிள்ளைகள் குடிக்கும் வீட்டில் இது கவனிக்கவேண்டிய விஷயம்.

செத்தல் மிளகாய் பதினைந்து, மிளகு ஒரு தேக்கரண்டி, உள்ளி ஐந்தாறு பல்லு, மஞ்சள் ஆகியவற்றைப் பட்டுப்போல அரைத்து, எலுமிச்சையளவு பழப்புளியின் கரைசலோடு சேர்த்து வையுங்கள். புளியைத் தொடக்கத்தில் விட்டுவிட்டால் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் விறைத்துப்போய் வேக மறுக்கும். எல்லாம் வெந்தபின்தான் புளி. அது ஒரு கொதி வந்ததும் நெருப்பைக் குறைத்து, ஊறிய மாவைக் கலக்கி ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறுகையால் அகப்பையை அடிதொட்டுத் துழாவுங்கள். இந்த இடத்தில் தொலைபேசி எடுக்கப் போனால் அடிப்பிடிக்கும், அந்த மணம் பானை முழுவதும் ஏறும். குறைந்தது கால் மணி நேரம் மா கொதிக்கவேண்டும். இறக்கும்போது, குடிக்க விரும்பும் பதத்தைவிட நீர்த்தே இருக்கட்டும், ஆற ஆறத் தடிக்கும். கடைசியில் ஒரு பிடி முருங்கையிலை, உப்பு.

இப்போது அந்த ஊர்க்காரர் சொன்னது. அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, பிள்ளைகள் விரும்பிக் குடித்த பானையை வைத்துக்கொண்டு அப்படிப் பேசியிருக்கவேண்டியதில்லை. விஷயத்தில் அவர் பக்கம்தான் நிற்கிறேன். மீனும் நண்டும் எந்தக் கடற்கரையிலும் உண்டு. அவற்றைக் கூழாக்குவது அந்த மா. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும். களி எடுத்த விதைகளை மணற்பாங்கான பாத்தியில் அடுக்கி மண் மூடவேண்டும். முளை நிலத்துக்குள் இறங்கிக் கிழங்காகும். மூன்று நாலு மாதத்தில், மார்கழி, தை அளவில் பாத்தி கிண்டி எடுத்து, உரித்து, கிழித்து, காயவைத்து, இடித்து, அரிக்கவேண்டும். நெல் பொய்த்தாலும் பனை பொய்க்காது. வற்றாத ஆறு இல்லாத, கிணற்றை நம்பிய யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்த மா ஆண்டுமுழுவதும் கெடாமல் இருந்தது. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் அங்காடிகள் வெறுமையானபோது பனங்கட்டியும் ஒடியல் மாவும் எத்தனையோ வீடுகளின் அடுப்பை எரியவைத்தன. அதே போரில் காவலரண்களுக்காக ஏராளமான பனைகள் தறிக்கப்பட்டன. ஒரு பனை காய்க்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வேண்டும். அரிசிமாவைப் போடும்போது இவ்வளவும் பானையை விட்டுப் போகிறது. அந்த ருசி பசையில் இல்லை, ஒடியலின் கசப்பிலும் மணத்திலும் இருக்கிறது.

ஆனால் 'எங்கள் கூழ்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். பனை ஏறியவர்கள், கடலில் வலை விட்டவர்கள், தோட்டம் செய்தவர்கள் என்று மூன்று கைகளின் பொருள் அந்தப் பானையில் இருந்தது. பானையைச் சுற்றி மூவரும் சேர்ந்து உட்காரவில்லை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வேறு பாத்திரம் வைத்திருந்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தபின்னும் அது நின்றுவிடவில்லை. 1960களின் பின்பாதியில் தேநீர்க்கடை நுழைவுக்கும் கோயில் நுழைவுக்கும் போராடவேண்டியிருந்தது, அதில் அடிபட்டவர்களும் உயிர் விட்டவர்களும் உண்டு. பனையோலையை மடித்த பிளாவில் கூழ் குடிப்பதை இன்று அழகு என்கிறோம், அழகுதான். குடித்து எறிந்துவிடும் ஓலைக்கு இன்னொரு வசதியும் இருந்தது: யாருடைய பாத்திரத்தையும் யாரும் தொடவேண்டியதில்லை. இதை மறைத்துவிட்டுக் கூழை ஓர் இனத்தின் அடையாளம் என்று மேடையில் பேசுவது, மா இடித்த கையை மறைப்பது. புலம்பெயர் நாடுகளில் கூழ் விழா எடுப்பவர்கள் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே தீரவேண்டும் என்பது என் எண்ணம்.

மாமி திகைத்ததில் நியாயம் இருக்கிறது. அவர் அறிந்த கூழ் வேறு வேலை செய்கிறது. கேழ்வரகு மாவைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்கவிட்டு, மறுநாள் நொய்யைக் குழைய வேகவைத்து அதில் மாவை விட்டுக் கிண்டி, ஆறியபின் மோரும் சின்ன வெங்காயமும் உப்பும் சேர்த்துக் கரைப்பார்கள். வெயிலில் உழைத்தவர்களின் காலை உணவு அது. அரிசிச்சோறு மதிப்பாக இருந்த காலத்தில் கேழ்வரகு ஏழ்மையின் அடையாளம். ஆடியில் மட்டும் அதே கூழ் அம்மன் முன்னால் அண்டாவில் நின்று, வந்தவர்க்கெல்லாம் ஊற்றப்பட்டது. நமக்கும் ஆடிக்கூழ் உண்டு என்று மாமியிடம் சொல்லுங்கள். ஆடி முதல்நாள் அரிசிமா, வறுத்த பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால், தேங்காய்ச்சொட்டு போட்டு இனிப்பாகக் காய்ச்சிப் பலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்திக் குடிப்பது. உங்கள் பிள்ளைகளுக்கு அரிசிமா பிடித்திருந்தால் அதற்கான இடம் அந்தப் பானை.

இன்னொரு பானையும் இருக்கிறது. 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அகப்பட்டிருந்த மக்களுக்கு அரிசியும் நீரும் உப்பும் மட்டுமாகக் கொடுக்கப்பட்ட கஞ்சியை ஒவ்வொரு மே மாதமும் வீதியோரங்களில் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். 2024இல் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அப்படிக் கொடுத்ததற்காகப் பெண்கள் உட்படச் சிலர் கைது செய்யப்பட்டார்கள். அந்தக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோ பயறோ சேர்த்து ருசியாக்கக் கூடாது. ஒடியல் கூழில் எதையும் கூட்டலாம் குறைக்கலாம், மாவை மட்டும் மாற்றக்கூடாது. முள்ளிவாய்க்கால் கஞ்சியில் ஒன்றுமே கூட்டக்கூடாது.

மாமிக்கும் கூழ் கொடுக்கலாம். மரக்கறி மட்டும் போட்ட சைவக் கூழ் நம் வீடுகளில் இருப்பதுதான். அரிசியும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் பயிற்றங்காயும் வெந்ததும், நண்டு இறங்குவதற்கு முன்னால், இரண்டு அகப்பை சின்னப் பானைக்கு மாற்றிவிடுங்கள். அதற்கு வேறு அகப்பை வையுங்கள். மீன் இல்லாததால் சுவை தட்டையாகும், ஆகவே ஒரு கத்தரிக்காயும் கொஞ்சம் கூடுதல் முருங்கையிலையும் போட்டுப் புளியைச் சற்றுக் குறையுங்கள். மாக்கரைசலை இரண்டு பானைக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து ஊற்றுங்கள்.