பனி மூடிய எரிமலை வெடித்தால் என்ன ஆகும்?

எரிமலையின் உச்சியில் பனி இருந்தால் வெடிப்பு அடங்கிவிடாதா என்று கும்பகோணத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அடங்காது, பெரும்பாலும் ஆபத்து கூடவே செய்யும்.

1985 நவம்பர் 13 அன்று கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையில் நிகழ்ந்தது சிறிய வெடிப்புதான். ஆனால் கனன்ற சாம்பலும் வாயுவும் சிகரத்துப் பனியின் ஒரு பகுதியை உருக்க, அந்த நீர் சரிவிலிருந்த மண்ணையும் பாறைகளையும் வாரிக்கொண்டு, ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியே பருத்துக்கொண்டே இறங்கி, சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஆர்மெரோ நகரைப் புதைத்தது. இத்தகைய சேற்று வெள்ளத்தை லஹார் என்பர். ஏறத்தாழ 23,000 பேர் இறந்தனர். மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை எட்டச் சில நாள்கள் ஆவதால் கொள்ளிடக் கரையில் நமக்கு எச்சரிக்கைக்கு நேரம் உண்டு. அங்கே கிடைத்த சில மணி நேரமும், ஆபத்து வரைபடம் முன்பே தயாராக இருந்தும், வீணானது. அதுவே பெருங்கொடுமை என்பேன்.

ஐஸ்லாந்தில் 1996-இல் வாட்னயோகுல் பனியாற்றின் அடியில் உருகிய நீர் வாரக்கணக்கில் கிரிம்ஸ்வோட்ன் ஏரியில் தேங்கி, பின் ஒரேயடியாக உடைத்துக்கொண்டு வந்து பாலங்களைப் பெயர்த்தது. தவிர, உருகிய நீர் எரிமலைக் குழம்பைச் சட்டெனக் குளிர்வித்து நுண்சாம்பலாக நொறுக்கவும் செய்யும். 2010-இல் ஐஸ்லாந்துச் சாம்பலால் ஐரோப்பிய விமானங்கள் முடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.