கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்: அறுவை சிகிச்சை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அக்காவுக்கு 3 செ.மீ. கட்டி, ஐபி2 ஸ்டேஜ் (கர்ப்பப்பை வாயைத் தாண்டாத ஆரம்ப நிலை). லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாக) ஆபரேஷன் செய்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: வேண்டாம். வயிற்றைத் திறந்தே செய்யச் சொல்லுங்கள். 2018-ல் வெளிவந்த எல்ஏசிசி ஆய்வில் ஆரம்ப நிலை நோயாளிகள் 631 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். துளை வழி அறுவைக்கு 319 பேர், திறந்த அறுவைக்கு 312 பேர். நாலரை ஆண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் துளை வழியில் 86.0%, திறந்த அறுவையில் 96.5%. அந்த முதல் அறிக்கையின்போது இறந்திருந்தவர்கள் முறையே 19 பேர், 3 பேர். 2024-ல் வந்த இறுதிக் கணக்கும் அதையே உறுதி செய்தது. சீக்கிரம் வீடு திரும்புவதற்காக இந்த இடைவெளியை விலையாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வெள்ளைப்படுதல், இடையிடையே ரத்தப்போக்கு. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று உள்ளூரில் தேதி கொடுத்துவிட்டார்கள்.

பதில்: கர்ப்பப்பை வாயைக் கருவி வைத்துக் கண்ணால் பார்த்தார்களா? பாப் ஸ்மியர் (வாய்ப்பகுதிச் செல்களைத் தேய்த்தெடுத்துச் சோதிப்பது) எடுத்தார்களா? புண்ணோ வளர்ச்சியோ தெரிந்தால் பயாப்சி (சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது) எடுத்தார்களா? இதெல்லாம் முடியாமல் அந்தத் தேதிக்குப் போகாதீர்கள். சாதாரண முறையில் கர்ப்பப்பையை எடுத்த பிறகு ரிப்போர்ட்டில் பரவும் வகைப் புற்றுநோய் என்று வந்தால், சுற்றியுள்ள தாங்கு திசு உள்ளேயே நின்றிருக்கும். பிறகு இன்னொரு கடினமான அறுவை, இல்லையென்றால் கீமோவோடு கரண்ட் (கதிர்வீச்சு). முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரே சிகிச்சையில் முடிந்திருக்கும்.

கேள்வி: பயாப்சி எடுத்தால், கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே?

பதில்: பரவாது. பயாப்சி இல்லாமல் சிகிச்சையைத் தீர்மானிக்கவே முடியாது.

கேள்வி (மகப்பேறு மருத்துவர் ஒருவர்): எல்ஏசிசியை வேதவாக்காக எடுப்பது சரியா? செய்தவர்களின் கைப்பழக்கம் குறைவு என்று விமர்சனம் உண்டு.

பதில்: ஆய்வில் சேரும் முன் ஒவ்வொரு அறுவை மருத்துவரும் குறைந்தது 10 நோயாளிகளின் விவரங்களையும், வெட்டித் திருத்தாத 2 வீடியோக்களையும் கொடுக்க வேண்டியிருந்தது. கைப்பழக்கம் ஒன்றை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. கர்ப்பப்பையை அசைக்கச் செருகும் மேனிபுலேட்டர் கட்டியை நசுக்குவது, வயிற்றுக்குள்ளேயே யோனியை வெட்டித் திறக்கும்போது கட்டி வெளிப்படுவது, கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் ஆகியவைதான் சந்தேகிக்கப்படுகின்றன. ஐரோப்பாவின் சக்கர் ஆய்வு பழைய பதிவுகளைத் திரட்டிப் பார்த்தது. மேனிபுலேட்டர் வைத்தவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியிருந்தது. வெட்டும் முன் யோனியின் மேற்பகுதியைத் தைத்து மூடியவர்களின் முடிவு திறந்த அறுவையை ஒட்டியே இருந்தது.

அவரே மீண்டும்: அப்படியானால் மேனிபுலேட்டரைத் தவிர்த்து, யோனியை மூடிச் செய்தால் போதும்தானே? கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயில் லேப்ராஸ்கோப்பி நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: உட்சுவர்ப் புற்றுநோய்க்கு நான் மறுக்கவில்லை. லேப்2 ஆய்வில் துளை வழி, திறந்த அறுவை என இரு பிரிவிலும் 5 ஆண்டு உயிர்வாழ்வு 89.8%. அங்கே கட்டி கர்ப்பப்பைக்குள் மூடிக் கிடக்கிறது. இங்கே வெட்டும் இடத்திலேயே திறந்து நிற்கிறது. சக்கர் குலுக்கல் ஆய்வு அல்ல. நம்பிக்கை தரும் பதிவுகளை நம்பித்தான் எல்ஏசிசிக்கு முன்பும் எல்லோரும் துளை வழிக்கு மாறினோம். ரோபோவையும் சேர்த்தே சொல்கிறேன்: எல்ஏசிசியின் துளை வழிப் பிரிவில் ரோபோ 15.6% மட்டுமே. அதைத் தனியாகச் சோதிக்க ஆர்ஏசிசி ஆய்வு தொடங்கப்பட்டது. முடிவு கையில் கிடைக்கும் வரை நோயாளிக்குத் திறந்த அறுவைதான் நியாயம்.

அவரே: 2 செ.மீ.க்குக் கீழே?

பதில்: அங்கே எவ்வளவு திசு எடுப்பது என்ற கேள்வி முந்திக்கொள்கிறது. 2024-ல் வந்த ஷேப் ஆய்வில் ஆபத்துக் குறைந்த 700 பேர். கட்டி 2 செ.மீ.க்குள், ஆழப் பரவலும் குறைவு. சாதாரண அறுவையில் 3 ஆண்டுகளுக்குள் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியது 2.52%, விரிவான அறுவையில் (சுற்றியுள்ள தாங்கு திசுவையும் சேர்த்து எடுப்பது) 2.17%. சிறுநீர்த் தொல்லை சாதாரண அறுவையில் குறைவு. ஆனால் இடுப்பு நிணநீர் முடிச்சுகளை இரு பிரிவிலும் பரிசோதித்தார்கள், அதை விட்டுவிடக் கூடாது. 'சாதாரண அறுவை' என்றதும் பயாப்சி, எம்ஆர்ஐ இல்லாமல் யாரும் கத்தியை எடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: கத்தி பட்டால் பரவும் என்பதை உங்கள் எல்ஏசிசியே நிரூபிக்கிறதே?

பதில்: திறந்த அறுவையிலும் கத்திதான். அதில்தான் 96.5%. மேலே படியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 5 செ.மீ. கட்டி. கீமோவால் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்யலாமா?

பதில்: இதை மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலேயே 633 பேரிடம் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். நோய் திரும்பாமல் 5 ஆண்டு இருந்தவர்கள் கீமோவும் அறுவையும் பெற்ற பிரிவில் 69.3%, கீமோவோடு சேர்த்துக் கரண்ட் வைத்த பிரிவில் 76.7%. உயிர்வாழ்வு ஏறத்தாழ சமம். ஆகவே அம்மாவுக்கு கீமோவும் கரண்டும்தான், உள்வழிக் கதிர்வீச்சான பிரேக்கிதெரபியும் சேர்த்து. பிரேக்கிதெரபி இல்லாத இடம் என்றால் தொடங்கும் முன்பே அது இருக்கும் இடத்துக்கு மாறுங்கள்.

கேள்வி: மார்பகக் கட்டிக்கு அக்குள் முடிச்சு எடுக்கணுமா?

பதில்: மார்பக அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். அக்குள் அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டைக் கொண்டுபோங்கள்.

கேள்வி: விரிவான அறுவை முடிந்து சிறுநீர்க் குழாயோடு அனுப்பிவிட்டார்கள். ஏதோ தவறு நடந்திருக்குமா?

பதில்: இல்லை. தாங்கு திசுவை எடுக்கும்போது சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகள் தொந்தரவுபடும், மீள நாளாகும். குழாயை எடுத்ததும் சிறுநீர் கழிக்கச் சொல்லிவிட்டு, உள்ளே தங்கியதை அளப்பார்கள். அதிகம் தங்கினால் மறுபடி வைப்பார்கள். காய்ச்சல் வந்தாலும், குழாய் இருக்கும்போதே யோனி வழியாகத் தண்ணீர்போல் ஓயாமல் கசிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பின்னது சிறுநீர் நாளத்திலோ பையிலோ ஓட்டை விழுந்ததன் அறிகுறியாக இருக்கலாம்.

கேள்வி: பயாப்சி செய்த பிறகு அத்தைக்குப் பரவிவிட்டது...

பதில்: அத்தையின் ரிப்போர்ட்டில் பயாப்சி எடுத்த நாளின் ஸ்டேஜைப் பாருங்கள். பயாப்சித் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.